தோற்றவர் சொல்லும் விதி

எங்கள் ஆஸ்பத்திரி வார்டைப் பெருக்கிய அக்காவைப் போல ஆசையோடு தோற்றவரை நான் பார்த்ததில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் தன் காய் கடைசியில் நிற்கிறது என்பது உறுதியானதும் அவர் முகம் மலர்ந்துவிடும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “தோத்தாச்சு. இப்ப நான்தான் சொல்லணும்” என்பார்.

எங்கள் வார்டின் சட்டம் அது. தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு விதியை மாற்றலாம். ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம். மாற்றியது எல்லாருக்கும் பொது. ஜெயித்தவருக்கு ஒன்றும் கிடையாது. ஏன் என்று கேட்டால், “ஜெயிச்சவளுக்கு ஆட்டம் சரியாத்தானே இருக்கு. எங்க இடிக்குதுன்னு தோத்தவளுக்குத்தான் தெரியும்” என்பார்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் ஒன்பது வயதில் சிங்கப்பூரில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பெலும்பில் காசநோய். நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டார்கள். பதினான்கு மாதம் அப்படித்தான் கிடந்தேன். மாடியில் இருந்த அந்த வார்டில் மொத்தம் பன்னிரண்டு பெண்பிள்ளைகள். தமிழ், சீனம், மலாய் என்று வீட்டில் ஆளுக்கொரு பாஷை. வார்டில் எல்லாருக்கும் சந்தையில் பேசும் கொச்சை மலாய்தான். என் இடப்பக்கக் கட்டிலில் ஏழு வயது மலாய்ச் சிறுமி. அவள் தன் பெயர் சித்தி என்று சொன்னபோது, இந்தப் பொடிசு எனக்கு எப்படிச் சித்தியாகும் என்று அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன். வலப்பக்கம் மெய் லிங். அவளுக்குக் காலில் மட்டும் கட்டு. உட்கார முடியும் என்பதால் எங்களுக்கெல்லாம் அவள்மேல் பொறாமை.

அக்கா அங்கே கூட்டிப் பெருக்கி, மலச்சட்டி எடுத்து, படுத்திருப்பவர்களுக்குச் சோறு ஊட்டும் வேலை செய்தார். ஆஸ்பத்திரியின் நேரடி ஊழியர் இல்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. மத்தியானம் எங்களைத் தூங்கச் சொல்லும் இரண்டு மணி நேரம் அவருக்குப் பெரிதாக வேலை இருக்காது. அந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

யாரோ புண்ணியவான்கள் வார்டுக்கு ஒரு பரமபதப் பெட்டி கொடுத்திருந்தார்கள். நடு மேசையில் வைத்து மெய் லிங்கும் இன்னொருத்தியும் ஆடுவார்கள். மற்ற பத்துப் பேரும் கூரையைப் பார்த்தபடி பகடை உருளும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் நான் ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். அக்கா சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, என்ன கோபம் என்று கேட்டார். பலகை என் கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன்.

“அப்ப தெரியற மாதிரி ஒரு ஆட்டம் செய்.”

“எப்படிச் செய்யறது?”

“எனக்கும்தான் தெரியாது” என்று சொல்லிவிட்டு மலச்சட்டியோடு போய்விட்டார்.

இவ்வளவு ஈவிரக்கமற்ற பெண்ணா என்று அன்று முழுக்க அழுதேன். ஆனால் மறுநாள் பால்மாவு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து எடுத்துவந்து என் நெஞ்சின் மேல் வைத்தார். அட்டையைக் கொசுவலைக் கம்பியில் தொங்கவிடலாம் என்று நான் சொன்னேன். தொங்கவிட்டோம். காய்கள் கீழே விழுந்தன. கஞ்சி தடவி ஒட்டலாம் என்றாள் ஒருத்தி. அக்கா கஞ்சி கொண்டுவந்தார். காய்ந்ததும் காய்களை எடுக்க முடியவில்லை. பிய்த்தால் கட்டமும் சேர்ந்து பிய்ந்தது. கஞ்சி காய்ந்தால் என்னவாகும் என்பது சமைக்கிற அக்காவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் இது நடக்காது என்று அவர் வாயால் வராது. “போட்டுப் பாருலா” என்பதுதான் அவர் பதில்.

நாலைந்து நாள் கழித்துச் சித்திதான் கண்டுபிடித்தாள். அவள் கட்டுத்துணியைக் கட்டியவர்கள் நுனியில் ஊக்குக் குத்தியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், அட்டை எதற்கு, துணி போதுமே என்றாள். கிழிந்த படுக்கை விரிப்பு ஒன்றை இரண்டு கொசுவலைக் கம்பிகளுக்கு நடுவே கட்டினோம். புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தால் கட்டங்கள் வரைந்தார் அக்கா. ஆளுக்கொரு ஊக்கு, அதில் ஆளுக்கொரு நிற நூல். பெட்டியில் இருந்த பகடை எங்கோ உருண்டு காணாமல் போயிருந்தது. மாவுக்கட்டு அறையில் கூட்டியெடுத்த பொடியைக் குழைத்துப் புதுப் பகடை பிடித்தோம். அதை உருட்டுவதற்கு என் வயிற்றுக் கட்டைவிட நல்ல மேசை அந்த ஆஸ்பத்திரியில் இல்லை.

துணி எங்களுடையது என்பதால் பாம்பும் ஏணியும் தேவைப்படவில்லை. மீன் எண்ணெய் கொடுக்கும் கட்டத்தில் விழுந்தால் மூன்று கட்டம் பின்னால். பார்வையாளர் நாள் கட்டத்தில் விழுந்தால் ஐந்து முன்னால். நாங்கள் பிடித்த பகடை கோணலாக இருந்ததால் நான்கு மட்டும் அடிக்கடி விழுந்தது. சித்தி நாலு தடவை தோற்றபின் சொன்னாள்: நான்கு விழுந்தால் யாரும் நகரக் கூடாது. பகடையின் கோணல் அதோடு சரியாகிவிட்டது. அக்கா அன்று சித்தியின் உச்சந்தலையில் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பாராட்டு என்று அவரிடமிருந்து நான் பார்த்தது அவ்வளவுதான்.

ஆட்டத்தை விட்டு வெளியே வந்த முதல் சண்டை ஜன்னலுக்காக. கோடியில் இருந்த ஒரு கட்டிலிலிருந்து மட்டும் கீழே புல்வெளி தெரியும். வார்டுக்குள் சிறுபிள்ளைகளை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மா மேலே வரும்போது தம்பி தங்கைகள் புல்வெளியிலேயே நிற்பார்கள். ஜன்னல் கட்டில்காரிக்கு மட்டும் அவள் தங்கை தெரிவாள், மற்றவர்களுக்கு இல்லை. என் தம்பியைப் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தக் கட்டில் யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சு, தண்ணீர்க் கோப்பைகளை வீசிக்கொள்வதில் போய் நின்றது.

அக்கா சத்தம் போடவில்லை. வார்டையே துணியில் வரையச் சொன்னார். பன்னிரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஆளுக்கொரு விதி சொல்லி ஆடிப் பார்க்கவேண்டும். பகடை போட்டு முடிவு செய்தால் சிலருக்கு வருஷம் முழுக்க ஜன்னல் வராது என்பது ஆடினபோது தெரிந்தது. வாரம் ஒருவர் என்று மாற்றலாம் என்றால், காலை இழுத்துப் பிடிக்க எடை கட்டித் தொங்கவிட்ட மூன்று கட்டில்களை நகர்த்தவே முடியாது. நான்கு நாள் ஆடினோம், ஒன்றும் தேறவில்லை. ஐந்தாம் நாள் தோற்றது மெய் லிங். அவள் சலிப்போடு, எப்போது பார்த்தாலும் நாம்தான் நகரணுமா, ஜன்னல் நகரட்டும் என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. “நகந்தா எங்க போகும்?” என்று கேட்டார்.

அப்போதுதான் பின்பக்கத் தாழ்வாரத்தை யோசித்தோம். வார்டின் நீளத்துக்கும் அது திறந்த தாழ்வாரம்தான். ஆனால் அங்கே எப்போதும் சலவை விரிப்புகள் காயும். அவற்றை எடுத்துவிட்டால், சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டுச் சரிவு பன்னிரண்டு பேருக்கும் தெரியும். தம்பி தங்கைகள் புல்வெளிக்குப் பதில் அந்த மேட்டில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

வார்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் நீங்களே கேளுங்கள் என்று நாங்கள் கெஞ்சினோம். அக்கா மறுத்துவிட்டார். உங்கள் ஆட்டம், நீங்களே கேளுங்கள் என்றார். மெய் லிங் கேட்டாள். ஈரத்துணி எங்கே காயும் என்று கேட்டு சிஸ்டர் முடியாதென்றார். தோற்றுவிட்டோம், அதனால் ஒரு விதியை மாற்றினோம். ஒருநாள் முழுக்க வேண்டாம், ஞாயிறு நான்கு முதல் ஐந்து வரை மட்டும் என்றோம். சிஸ்டர், ஒரே ஒரு ஞாயிறு என்றார். பிறகு எல்லா ஞாயிறும் அப்படியே ஆனது.

அந்த முதல் ஞாயிறு என் தம்பி மேட்டில் நின்றான். உயரமாகியிருந்தான். கையை ஆட்டத் தெரியாமல் சல்யூட் அடித்தான்.

அதே ஞாயிறுதான் அம்மா என் தலையணைக்குக் கீழே பகடையைப் பார்த்தார். எங்கள் வீடு செம்பவாங்கில், அப்பா கப்பல் பட்டறையில் வேலை. அம்மாவின் அண்ணன் சூதாடிக் குடும்பத்தைத் தொலைத்தவர். அந்த ஞாபகத்தில் அம்மா கொதித்துப்போனார். யார் கொடுத்தது என்று கேட்டார். நான் பயந்து அக்காவைக் கை காட்டினேன். என்ன ஆட்டம், எப்படிச் செய்தோம் என்று எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பொம்பளைப் பிள்ளைக்குச் சூதாட்டம் கற்றுக்கொடுக்கிறாள் என்று அம்மா மேலிடத்தில் புகார் கொடுத்தார். சிஸ்டருக்குக் கூட அந்தப் புகார் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் புதன்கிழமை வேறு ஒரு பெண் துடைப்பத்தோடு வந்தார். அக்காவைச் சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். துணித் திரையையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

வார்டில் யாரும் என்னோடு பேசவில்லை. சித்திகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் விரிப்பு மாற்ற வந்த சலவைக்காரர், அக்கா எனக்குச் சொல்லியனுப்பியதாக ஒரு சேதி சொன்னார்: பகடை இல்லாமல் ஒரு ஆட்டம் செய்யவேண்டும், அதை என் அம்மாவும் ஆடவேண்டும்.

அவ்வளவுதான் சேதி. திட்டு இல்லை, வருத்தம் இல்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அம்மா எதை ஆடுவார்? செம்பவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வந்ததும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு என் கட்டைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். மணி அடித்ததும் போய்விடுவார். எங்களுக்குள் பேச்சே இல்லாமல் போயிருந்தது. மெய் லிங் ஒரு வாரம் கழித்து என்னோடு பேச ஆரம்பித்தாள். இரண்டு பேருமாக யோசித்தோம். ஒரு தாளில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒரு பாதை வரைந்தோம். நீ சூன், தாம்சன் சாலை என்று பஸ் நிற்கிற இடமெல்லாம் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அம்மா அன்று பார்த்த ஒன்றை மனதில் நினைக்கவேண்டும். நான் மூன்று கேள்வி கேட்டு அது என்னவென்று சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் என் ஊக்கு நகரும். இல்லையென்றால் அம்மாவின் ஊக்கு.

முதல் தடவை அம்மா ஆடமாட்டேன் என்றார். பகடை இல்லை பார் என்று கையை விரித்துக் காட்டினேன். பாதி மனதோடு ஆடினார். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவர் எதையும் பார்த்திருக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டே வந்திருக்கிறார். மூன்று கட்டத்துக்குமேல் போகமுடியவில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது உட்காருவதற்கு முன்பே, “நீ சூன்ல ஒண்ணு பாத்தேன், உன்னால சொல்லவே முடியாது” என்றார். சைக்கிளில் ஒரு ஆள் இரும்புக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். கட்டில் என்று நான் கண்டுபிடித்தேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மாவுக்கட்டுப் போட்ட நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

ஆட்டத்தில் அம்மா தோற்றார். பக்கத்துக் கட்டிலிலிருந்து சித்தி தன் மலாயில், தோற்றவர் விதி மாற்றவேண்டும் என்று நினைவுபடுத்தினாள். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த வாரம் நீ பாத்ததை நான் கண்டுபிடிக்கணும்.”

கூரையைத் தவிர நான் என்ன பார்த்தேன்? அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். விசிறியின் ஒரு இறக்கை மற்றவற்றைவிட வெளுத்திருந்தது. மதியம் ஒரு அணில் தாழ்வாரக் கம்பியில் வரும். சிஸ்டர் தனியாக நடக்கும்போது பாட்டு முணுமுணுப்பார். ஏழு மாதமாக இவையெல்லாம் அங்கேயே இருந்திருக்கின்றன.

அந்த ஆட்டத்தையும் ஆடி முடித்தபின் அம்மா, இது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். இந்தத் தடவை முழுக்கச் சொன்னேன். அம்மா பையை எடுத்துக்கொண்டு மணி அடிக்கும் முன்பே கீழே இறங்கினார். சலவைக்கூடத்தில் நடந்ததை அம்மாவே பல வருஷம் திரும்பத் திரும்பச் சொல்வார். அக்கா விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாராம். என்னால்தான் உங்களுக்கு இந்த நிலைமை என்று அம்மா ஆரம்பித்ததும், அக்கா முடிக்கவிடவில்லையாம்.

“ஆட்டத்துல ஜெயிச்சது யாரு?”

“எம்மகதான்.”

“அப்ப நீங்க என்ன மாத்துனீங்க?”

அம்மா சொன்னதைக் கேட்டு, நல்ல விதி என்று தலையாட்டிவிட்டு விரிப்பின் மறுமுனையை அம்மா கையில் கொடுத்தாராம். இரண்டு பேருமாகப் பிழிந்து முடித்தார்களாம். அம்மா புகாரைத் திரும்பப் பெற்றும், அக்கா வார்டுக்குத் திரும்ப ஏழு வாரம் ஆனது. சோடாக்காரத்தில் அவர் விரல் நுனிகள் உரிந்திருந்தன. புதிதாகக் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், யார் ஊக்கு எது என்று கேட்டார், ஆடினார், தோற்றார்.

அவரோடு பழகுவது சுலபம் என்று சொல்லமாட்டேன். அழுகிற பிள்ளையை அணைத்துக்கொள்ளத் தெரியாதவர். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடைக்காதா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு. எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கமாட்டார். நான் வீட்டுக்கு வந்தபின், ஒரு கால் குட்டையான நடையோடு, மாதம் ஒருமுறை தேக்காவில் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போவேன். கடைவீட்டு மாடியில் பலகை தடுத்த ஒரு அறை. ஏழு குடும்பத்துக்கு ஒரு சமையற்கட்டு, தினமும் அடுப்புச் சண்டை. அங்கேயும் அக்கா ஒரு அட்டையில் அடுப்புகளை வரைந்து, வாருங்கள் ஆடிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பெண்கள் அட்டையைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்துவிட்டார்கள். “அதுக்காச்சும் ஆச்சு” என்றார் என்னிடம். ஆனால் கொஞ்சம் வருத்தம்தான்.

அறுபதுகளின் நடுவில் சிங்கப்பூர் தனி நாடானது. நான் ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். அக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வேண்டும் என்றார்கள். குடியுரிமைக்கு எழுதிப்போட்டால், இத்தனை வருஷம் இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவரை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் இறந்துபோயிருந்தார். அவரோடு பேரேடும் போயிற்று. வீட்டு வாடகைச் சீட்டெல்லாம், மாடியை மொத்தமாக எடுத்து அறை அறையாக விட்ட தலைவாடகைக்காரர் பெயரில். இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். அக்கரையில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். தங்கை வீட்டில் அவருக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும்.

என்ன செய்யலாம் அக்கா என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் தோணல” என்றார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கைகள் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பயமாக இருந்தது.

மெய் லிங்கைக் கூட்டிக்கொண்டு கேலாங் செராயில் சித்தியின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அப்போது கைக்குழந்தை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர்களுக்கு என்னதான் வேண்டும் என்றாள். அக்கா ஒவ்வொரு வருஷமும் இங்கே இருந்ததற்குச் சாட்சி வேண்டும் என்றேன். சித்தி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தாள். அதில் அவளுடைய ஆஸ்பத்திரி அட்டை இருந்தது. சேர்ந்த நாள், வீட்டுக்கு விட்ட நாள், ஆஸ்பத்திரி முத்திரை.

“நாமதானே இருந்தோம்” என்றாள்.

என்னிடமும் அட்டை இருந்தது. மெய் லிங்கிடமும். ஒவ்வொரு வருஷமும் அக்காவை வார்டில் பார்த்ததாகச் சாட்சி சொல்ல, எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள், பின்னால் வந்தவர்கள் என்று தேடத் தொடங்கினோம். சிஸ்டர் தன் ஞாபகத்திலிருந்து சில பெயர்கள் கொடுத்தார். நான்கு மாதம் ஆயிற்று. எங்களையும் சேர்த்து ஒன்பது பேர் தேறினோம். ஒரே ஒரு வருஷம் மட்டும் காலியாக இருந்தது. கடைசியில் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு காய்கறித் தோட்டத்தில் அந்த வருஷத்தவளைக் கண்டுபிடித்தோம். அட்டையைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

பத்துப் பேரும் அக்காவோடு அலுவலகத்துக்குப் போனோம். வருஷ வரிசையில் உட்கார்ந்தோம். நான் தட்டச்சு செய்த வாக்குமூலங்களை அந்த இளம் அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இந்த அம்மாளைத் தெரியுமா என்று கேட்டார். தோட்டத்துக்காரியின் முறை வந்தபோது, நீ அப்போது சின்னப் பிள்ளை, இவர்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய் என்றார். அவள் ஹொக்கியன் சீனத்தில் சொன்னதை மெய் லிங் மொழிபெயர்த்தாள்.

ஒரு வருஷம் என் முகத்துக்கு மேல் குனிந்த முகம் இது ஒன்றுதான் என்று சொன்னாள்.

அதிகாரி அவள் அட்டையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் அலுவலகத்துக்குக் கீழே அக்கா கடிதத்தோடு நின்றார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். குடியுரிமை கிடைத்துவிட்டது. திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். கடிதத்தை மடித்து உறையில் போட்டு, உறையைப் பையில் வைத்து, பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“இத்தனை பேரு வருவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லை” என்றார்.